பாஸ்பேட்டுப் பூச்சு

பாஸ்பேட்டுப் பூச்சு என்பது இரும்பு, எஃகுப் பொருள்களின் மேற்பரப்பை வேதிவினையின் மூலம் பாஸ்பேட்டு உப்புப் படிகங்களாக மாற்றும் முறையாகும். துப்பாக்கிப் பகுதிகளில் செய்யப்படும்போது இது பார்க்கரைசிங் என்று அழைக்கப்படுகிறது. பூச்சு எனப்பட்டாலும் இது வண்ணத்தைப் போல மேலே தடவப்படுவதன்று. உலோகத்தின் மேற்பகுதி சிறிதளவு கரைய, கரைசலில் உள்ள மாங்கனீசு அல்லது துத்தநாகத்தின் பாஸ்பேட்டு அவ்விடத்தில் படிகிறது. சாம்பல் நிறம் முதல் கருமை வரையிலான, ஒளி தெறிக்காத மேற்பரப்பு இதனால் கிடைக்கிறது. கட்டடக் கடைகளில் ஜிப்சம் பலகைக்கு விற்கப்படும் கருப்புத் திருகாணிகள் இப்பூச்சுக்கு எளிய எடுத்துக்காட்டு ஆகும்.

வரலாறு

தொழில்முறையாக இம்முறையை வளர்த்தவர் இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் ஆவார். பாஸ்பாரிக் அமிலத்தைப் பயன்படுத்தும் அவரது முறை 1906 இல் காப்புரிமை பெற்றது. பின்னர் மாங்கனீசு சேர்த்த கரைசல் வந்தது. அமெரிக்காவின் கிளார்க் பார்க்கர் இவ்வுரிமைகளை வாங்கி 1915 இல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். பார்க்கரைசிங் என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைக்கலங்கள் பெருமளவில் இம்முறையில் முடிக்கப்பட்டன.

பாஸ்பேட்டு இரும்பைக் காக்கும் என்பதற்கு இந்தியாவில் இன்னும் பழைய சான்று உண்டு. தில்லி குதுப் வளாகத்தில் உள்ள குப்தர் கால இரும்புத் தூணை ஆராய்ந்த கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம், அதன் மேல் மெல்லிய இரும்பு ஐதரசன் பாஸ்பேட்டுப் படலம் உருவாகியிருப்பதை 2000 இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். பண்டைய உருக்கு முறையால் அவ்விரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக எஞ்சியதே அதற்குக் காரணம். தற்கால எஃகில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. ஆகவே அப்படலத்தை வெளியிலிருந்து உண்டாக்க வேண்டியுள்ளது.

செயல்படும் விதம்

எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப்பட்ட எஃகு, சூடான அமிலக் கரைசலில் மூழ்கும்போது இரும்பு கரைந்து ஐதரசன் குமிழ்கள் எழுகின்றன. இவ்வினையால் உலோகத்தை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் மட்டும் அமிலத்தன்மை குறைகிறது. அமிலம் குறைந்த இடத்தில் பாஸ்பேட்டு கரைந்திருக்க இயலாது. எனவே அது அங்கேயே படிகமாகிறது. எஃகு முழுதும் மூடப்பட்டதும் குமிழ் நின்று, வினை தானாக ஓய்கிறது. மாங்கனீசுக் கரைசலுக்குக் கொதிநிலையை நெருங்கிய வெப்பம் வேண்டும். துத்தநாகக் கரைசல் அதைவிடக் குறைந்த வெப்பத்திலும் செயல்படும். துருப்பிடிக்கா எஃகிலும் அலுமினியத்திலும் இக்கரைசல்கள் இவ்வாறு படிவதில்லை.

எண்ணெயின் பங்கு

இப்பூச்சைப் பற்றிப் பரவலாகக் காணப்படும் தவறான கருத்து, அதுவே துருவைத் தடுக்கிறது என்பதாகும். படிகங்களுக்கு இடையே எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. அவை எண்ணெயை உறிஞ்சிப் பிடித்து வைப்பதாலேயே பாதுகாப்புக் கிடைக்கிறது. அமெரிக்கப் படைத்துறைத் தரவிதியின்படி, உப்புநீர்த் தூவல் சோதனையில் எண்ணெயிடாத பூச்சு தாங்க வேண்டிய நேரம் 1½ முதல் 2 மணி மட்டுமே; எண்ணெயிட்டதற்கு 24 மணி. பிஸ்டன் வளையம், பற்சக்கரம் போன்ற உராயும் பகுதிகளுக்கு மாங்கனீசுப் பூச்சு இடப்படுவதும் இவ்வாறு எண்ணெய் தேங்கும் பண்புக்காகவே. வண்ணம் பூசுவதற்கு முன்பு இடப்படும் மெல்லிய துத்தநாகப் பூச்சில் எண்ணெய்க்குப் பதிலாக வண்ணம் அத்துளைகளைப் பற்றிக்கொள்கிறது.

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் மூர்த்திக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். மேலே சொன்ன கருப்புத் திருகாணியை அங்கே வெளிப்புறக் கதவில் முடுக்கினால் உப்புக்காற்றில் விரைவில் செந்துரு படரும். அத்திருகாணி உலர்ந்த உள்ளறைக்கு உரியது. வெளிப்புறத்துக்குத் துத்தநாக முலாமிட்டதோ துருப்பிடிக்கா எஃகோ தேவை. கடலிலிருந்து சற்று உள்ளே அமைந்த வில்லியனூரிலும் மழைக்கால ஈரம் எண்ணெய் காய்ந்த பூச்சை விட்டுவைப்பதில்லை.

வீட்டில் செய்தல்

அமெரிக்காவில் துப்பாக்கி ஆர்வலர்கள் வீட்டிலேயே இதைச் செய்வதுண்டு. இந்தியாவில் நிலைமை வேறு. 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், படைக்கலம் என்ற சொல்லில் அதன் உதிரிப்பகுதிகளையும் அடக்குகிறது. உரிமமின்றி எவரும் படைக்கலங்களைப் பழுதுபார்க்கவோ மாற்றியமைக்கவோ கூடாது என்கிறது. அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் தனிக் குற்றம். பூச்சுக்கு முன் மணல் வீசி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும்போது பொறித்த எண் மழுங்கிவிடலாம் என்பதால் இது ஏட்டளவிலான அச்சமன்று. ஆகவே வயற்காவலுக்கு உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருக்கும் உழவர் ஒருவருக்கும் உரிய இடம் உரிமம் பெற்ற படைக்கலக் கடையே ஆகும்.

தொழில்நுட்ப இடர்களும் உள்ளன. வினையில் வெளிப்படும் ஐதரசனின் ஒரு பங்கு கடினமாக்கப்பட்ட எஃகினுள் புகுந்து அதனை நொறுங்கும் தன்மை உடையதாக்குகிறது. அத்தகைய வில்சுருள் அன்று நன்றாகத் தோன்றிப் பின்னொரு நாள் விசையின்கீழ் முறியும். இதைத் தவிர்க்கத் தொழிற்கூடங்களில் பூச்சுக்குப் பின் பகுதிகளை மணிக்கணக்கில் மிதமாகச் சூடாக்குகின்றனர். குழலின் உட்புறத்தையும் கரைசல் படாமல் அடைத்துவிடுகின்றனர்.

கழிவு

வண்ணம் பூசும் பட்டறைகளும் இக்கரைசல்களைப் பயன்படுத்துவதால் இது துப்பாக்கியோடு நிற்கும் சிக்கலன்று. கரைசலின் அடியில் சேறு போல் படியும் பாஸ்பேட்டுக் கசடு, இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு விதிகளில் அபாயகரக் கழிவாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. வாய்க்காலில் கொட்டினால் பாஸ்பேட்டு நீர்நிலைகளுக்கு உரமாகிப் பாசியையும் ஆகாயத்தாமரையையும் பெருக்கும். வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரியும், தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே நீர்பெறும் பாகூர் ஏரியும் புதுச்சேரியின் இரு பெரிய ஏரிகள் ஆகும். இப்பகுதியினர் குடிப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீரையே. இந்தியத் தரவிதிப்படி குடிநீரில் ஏற்கத்தக்க மாங்கனீசின் அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். ஒரு வாளிப் பழைய மாங்கனீசுக் கரைசலில் இருப்பது இதைவிடப் பல்லாயிரம் மடங்கு செறிவானது.