களம் ஓய்ந்த பின்

கரடிகளை ஆராய்வோருக்கு ஆண்டில் இரு பருவங்கள் உண்டு. வட அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வனத்தில் 1959 முதல் கிரிஸ்லி கரடிகளை ஆராய்ந்த கிரெய்க்ஹெட் சகோதரர்கள், 1961-இல் ஒரு கரடியின் கழுத்தில் சிறு வானொலிக் கருவியைப் பூட்டி, அது சென்ற வழியைத் தொடர்ந்தனர். பனிக்காலம் வந்ததும் கரடி வளைக்குள் உறங்கச் சென்றுவிடும். ஆராய்ச்சியாளருக்கோ அப்பொழுது உறக்கம் இல்லை. கோடையில் குறித்தவற்றை ஒப்பிடுவதும், எழுதுவதும், பிறருக்கு எடுத்துரைப்பதும் அப்பருவத்து வேலைகள்.

இவ்வேலையின் பயனை அறிய நாம் அத்துணைத் தொலைவு செல்லவேண்டியதில்லை. நம் அரியலூர் மண்ணே அதற்குச் சான்று.

ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அதில் வாழ்ந்த சங்கு, சிப்பி, சுருள் ஓடுடைய அம்மோனைட்டு முதலியன சேற்றில் புதைந்து கல்லாயின. 1840-களில் கே, கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் இவற்றைத் திரட்டி, இலண்டனில் ஆய்வுக்குக் கிடைக்கச் செய்தனர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, அவை கிரிட்டேசியக் காலத்தவை என 1846-இல் எழுதினார். இம்மண்ணை அவர் கண்ணால் கண்டவரல்லர்.

பின்னர் 1857 முதல் 1860 வரை, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எச். எஃப். பிளான்ஃபோர்டு இங்கே பாறைகளை அளந்தார். அத்துறையினர் பெரும்பாலும் குளிர்காலத்தில் கூடாரமடித்துச் சுற்றுவர். வெயிலும் மழையும் மிகும்போது கல்கத்தா அலுவலகத்திற்குத் திரும்பி எழுதுவர். 1862-இல் வெளிவந்த பிளான்ஃபோர்டின் ஆய்வுரை, இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தது. நம் ஊர்ப் பெயர்கள் உலக நிலவியல் நூல்களில் ஏறியது இவ்வாறே. அவர் அத்துடன் நிற்கவில்லை. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியராகி, இந்தியப் பள்ளி மாணவர்க்கென இயற்கைப் புவியியல் நூலும் எழுதினார்.

திரட்டிய படிவங்களை ஒவ்வொன்றாக விளக்கும் பெரும்பணி ஃபெர்டினண்டு ஸ்டோலிச்கா என்பவரிடம் சேர்ந்தது. ஒரு சிப்பியை எடுத்தால், அதன் வரிகளை எண்ணவேண்டும், படம் வரையவேண்டும், ஐரோப்பியச் சிப்பிகளோடு ஒப்பிடவேண்டும், எந்த ஊரில், எந்த அடுக்கில் கிடைத்ததெனக் கூறவேண்டும். இவ்வாறு வளர்ந்த தென்னிந்தியக் கிரிட்டேசிய உயிர்கள் பற்றிய நூல் 1873-இல் நான்கு தொகுதிகளாக நிறைவுற்றது. மறு ஆண்டே, யார்க்கண்டு பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கில் அவர் காலமானார். வயது 36 மட்டுமே. எழுதாமல் தள்ளிப்போட்டிருந்தால், அவர் அறிந்ததெல்லாம் அவரோடு மறைந்திருக்கும்.

தமிழகத்து அறிஞர் எம். எஸ். கிருஷ்ணனும் இவ்வழியில் வந்தவரே. பெரம்பலூர்ப் பகுதியில் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை 1940-இல் அவர் அறிவித்தார். 1943-இல் வெளிவந்த அவருடைய இந்திய, பர்மிய நிலவியல் நூல் நெடுங்காலம் கல்லூரி மாணவர்க்குப் பாடநூலாயிற்று.

இன்று அரியலூரில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படுகிறது. அத்தொழில் பல குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் வெட்டிய அடுக்கு மீண்டும் வாராது. அதில் இருந்தது இன்னதென்று எழுதிவைக்கப்படாவிடில் அது இரு முறை அழிந்ததாகும். வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் இம்மண்ணின் படிவங்களைக் காணலாம்.

மாணவ நண்பர்களே, விடுமுறையில் அங்கே சென்று வாருங்கள். கையில் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். வயல்வெளியில் ஒரு கல்சிப்பியைக் கண்டால், எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஊர், நாள், பாறையின் நிறம், அடுக்கின் ஆழம் ஆகியவற்றைக் குறித்து, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். இடம் தெரியாத படிவம் அழகிய கல்லாக மட்டுமே எஞ்சும்; குறிப்போடு கூடியதே ஆராய்ச்சிக்கு உதவும்.