சொல்லிப் பெறுக தரகு

என் அக்காள் மகன் கம்பத்துக்கு அருகே ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை பயிரிடுகிறான். கொடியைக் கவாத்து செய்வது எப்படி, சாம்பல் நோய்க்கு எப்போது மருந்தடிப்பது என்றெல்லாம் கைப்பேசியில் காணொலி எடுத்துப் பதிவிடுவது அவன் வழக்கம். ஆறாயிரம் பேர் அவனைப் பின்தொடர்ந்தனர். ஒருநாள், தான் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு பேட்டரி தெளிப்பானைப் புகழ்ந்து பேசி, காணொலியின் கீழே அதை வாங்குவதற்கான இணைப்பையும் கொடுத்தான். ஏறத்தாழ 3,000 ரூபாய் விலையுள்ள அந்தக் கருவியைச் சுற்றுவட்டாரத்தில் 14 பேர் வாங்கினர். இரண்டே மாதங்களில் பாதிக்கு மேற்பட்டவை பழுதாகின. வாங்கியவர்கள் கருவியும் கையுமாக அவன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டனர். ''கம்பெனிக்காரன் சொன்னதைத்தானே மாமா நானும் சொன்னேன்?'' என்று என்னிடம் கேட்டான். அந்த 14 விற்பனைக்கும் சேர்த்து அவனுக்குக் கிடைத்த தரகு 1,260 ரூபாய்.

'அஃபிலியேட் மார்க்கெட்டிங்' என்று இன்றைய இளைஞர்கள் சொல்வது இந்தத் தரகைத்தான். தேனி மாவட்டத்தை மதுரையிலிருந்து பிரிப்பதற்கான அரசாணை வெளியான அதே 1996 ஜூலையில்தான் அமேசான் நிறுவனம் தனது தரகுத் திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் தனிக் குறியீடு கொண்ட இணைப்பு தரப்படும். அதைத் தொட்டுச் செல்பவர் பொருள் வாங்கினால் விலையில் ஒரு சிறு விழுக்காடு பங்கேற்பாளரைச் சேரும். அமேசானில் இந்த இணைப்புக்கு ஆயுள் பொதுவாக 24 மணி நேரம். வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் தரகு இல்லை. தன் இணைப்பில் தானே வாங்கினாலும் இல்லை. 2024 அக்டோபரில் யூடியூப் நிறுவனமும் ஃபிளிப்கார்ட், மிந்த்ரா ஆகியவற்றுடன் சேர்ந்து இந்தியாவில் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது.

தரகு நம் பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. கமிஷன் மண்டிக்காரர் இல்லாமல் இங்கே காயும் பழமும் விலைபோனதில்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகரை நாம் பார்த்திருக்கிறோம். அவர் தரகர் என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். சுழி சரியில்லாத மாட்டை மறைத்துத் தள்ளிவிட்டால் அடுத்த சந்தையில் அவர் துண்டுக்குள் யாரும் கைவிட மாட்டார்கள். காணொலியில் பேசுபவரை நாம் தரகராகப் பார்ப்பதில்லை. தெரிந்த பையனாக, நம் ஊர்க்காரனாகப் பார்க்கிறோம். அவன் சொல்லுக்கு அத்தனை மதிப்பு அதனால்தான் கிடைக்கிறது. அவன் மறைக்கும்போது இழப்பு பெரிதாவதும் அதனால்தான்.

தொடக்க நிலையில் உள்ளவர்கள் முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு காணொலியை 10,000 பேர் பார்ப்பதாகவும், அவர்களில் 100 பேர் இணைப்பைத் தொடுவதாகவும், மூவர் வாங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். பொருளின் விலை 500 ரூபாய், தரகு 5 விழுக்காடு என்றால் வருமானம் 75 ரூபாய். மின்னணுப் பொருள்களுக்குத் தரகு விகிதம் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. ஆகவே, வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குவது அறிவுடைமையாகாது. 'மாதம் ஒரு லட்சம் ஈட்டலாம்' என்று கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சி நடத்துவோரும் பெருகிவிட்டனர். அத்தகைய வகுப்புகளில் உறுதியாக வருமானம் பெறுபவர் வகுப்பு நடத்துபவர் மட்டுமே.

ஆனாலும், முறையாகச் செய்பவருக்கு இதில் இடமுண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைப் பற்றி எங்கோ இருந்து பேசுபவரைவிட, அந்தப் பந்தலின் கீழ் நிற்பவருக்கே அதிகம் தெரியும். போடியின் ஏலக்காய்க்கும் சின்னமனூரின் வாழைக்கும் இது பொருந்தும். தான் அறிந்த ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திய கருவியை மட்டும், அதன் குறைகளோடு சேர்த்துச் சொல்பவரை நம்பி வாங்க ஆள் வரும். பழுதானால் அருகில் சரிசெய்ய வழி உண்டா, உதிரி பாகம் கிடைக்குமா என்பதையும் அவர் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பணமோ இலவசப் பொருளோ தரகோ பெறுபவர் அதை எளிய சொற்களில், தாம் பேசும் மொழியிலேயே வெளிப்படுத்த வேண்டும். காணொலி என்றால் அதன் உள்ளேயே, எழுத்திலும் குரலிலும் சொல்ல வேண்டும். கீழேயுள்ள குறிப்பில் ஒளித்துவைப்பது போதாது. தவறான விளம்பரத்துக்குத் துணைநின்றால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். உரிய முறையில் சரிபார்த்த பிறகே பரிந்துரைத்தேன் என்று காட்ட முடிந்தவருக்கு அந்த அபராதம் இல்லை. 'கம்பெனிக்காரன் சொன்னான்' என்பது சரிபார்த்தல் ஆகாது.

அதிகத் தரகு தருவதாகச் சூதாட்டச் செயலிகள் அழைக்கும். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை விளம்பரப்படுத்துவது 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தரகு வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

அக்காள் மகன் அடுத்த காணொலியில், அந்தக் கருவியைத் தான் பயன்படுத்தியதில்லை என்பதையும் தரகு பெற்றதையும் ஒப்புக்கொண்டான். பழுதானவற்றைத் தன் செலவிலேயே கம்பத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்தும் கொடுத்தான். வந்த தரகைப் போல மூன்று மடங்கு செலவாயிற்று. நானூறு பேர் அவனை விட்டு விலகினர். இப்போது அவன் காணொலிகள் இப்படித்தான் தொடங்குகின்றன: ''இதை நீங்கள் வாங்கினால் எனக்குத் தரகு வரும். இரண்டு கவாத்துக்கு நானே பயன்படுத்திப் பார்த்த கத்தரி இது.'' சென்ற வாரம் அதைப் பார்த்துவிட்டு நானும் ஒன்று வாங்கினேன்.