வராத ஒலியைக் கேட்கும் காது

வால்பாறையிலிருந்து ஓர் எஸ்டேட் பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். கம்ப்யூட்டர் அறைக்கு வாங்கிய மலிவு ஸ்பீக்கரில் பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது, பறை மட்டும் அதிரவே மாட்டேன் என்கிறதாம். அதிக வாட் போட்டதை வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாட்டை நம்பாதீர்கள், டீச்சர். கம்ப்யூட்டரின் யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர். அதாவது இரண்டரை வாட். அதில் ஓடும் பெட்டியின் மேல் நூற்றுக்கணக்கில் 'பிஎம்பிஓ' வாட் அச்சிடுவது வாங்குபவரை ஏமாற்றும் வேலை.

கனத்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே சத்தத்துக்கு ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு, அதாவது கோன், நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 3 அங்குலக் கோனால் அது முடியாது. உங்கள் ஊர் யானை 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே உறுமுகிறதென்றால், அதற்கேற்ற உடம்பு அதற்கு இருக்கிறது.

ஆனாலும் அதே ஸ்பீக்கரில் பேஸ் கிதாரின் சுருதி நமக்குப் பிடிபடுகிறதே, எப்படி? எனக்கு அலுக்காத அதிசயம் இது. அதன் தடித்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. கூடவே 82, 123, 164 என்று மடங்குகளும் எழுகின்றன. ஸ்பீக்கர் 41ஐ விட்டுவிடுகிறது, மேலே உள்ளவற்றைத் தருகிறது. அவற்றுக்குள் இருக்கும் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு, வராத 41ஐ மூளையே நிரப்பிக்கொள்கிறது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும் பழைய தொலைபேசியிலும் அப்பாவின் குரல் கனமாகவே கேட்டது இதனால்தான்.

வெறும் தோல் கட்டிய பறையில் மேலதிர்வுகள் இப்படி முழு மடங்காக அமைவதில்லை. மூளைக்குப் பிடி கிடைப்பதில்லை. மிருதங்கத்தில் கிடைக்கிறது: வலப்பக்கத் தோலான வலந்தலையில் பூசிய கருஞ்சோறு அதிர்வுகளை மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது என்று சி.வி. ராமன் 1920இலேயே எழுதிவிட்டார்.

பறையைவிட எனக்குப் பெரிய கவலை பாடம்தான். பல பள்ளிகளில் ஸ்பீக்கர் மேசைக்கடியில் கிடக்கிறது. 'ச', 'ஸ' போன்ற கூரிய ஒலிகள் நேர்கோட்டில் போகிறவை. பலகையில் மோதி அங்கேயே மடிகின்றன. தகரக் கூரையில் ஆடி மழை கொட்டும்போது மிச்சமும் போய்விடும். சத்தத்தைக் கூட்டினால் சின்ன ஆம்ப்ளிஃபயர் திணறிக் கரகரக்கும். கடைசி பெஞ்சுப் பிள்ளைக்குப் பாதிப் பாடம்தான் போய்ச் சேரும்.

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இருப்பதையே மேலே எடுத்து, பின்பக்கம் சுவரை ஒட்டினாற்போல, பிள்ளைகளின் காது உயரத்தில் அவர்களைப் பார்த்து வையுங்கள். சுவர் கொஞ்சம் கனத்தையும் கூட்டித் தரும்.