அத்தைக்கு ஊற்றிய கம்பு தோசை

என் மாமியாருக்கு வயது 68. போன வருடம் சர்க்கரை 240க்கு ஏறியதும் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "மூணு வேளையும் அரிசி வேண்டாம்மா, கம்பு, சாமையெல்லாம் சேர்த்துக்கங்க" என்றார். பஸ்ஸில் வரும்போது அத்தை வாயே திறக்கவில்லை. வீட்டுக்குள் கால் வைத்ததும்தான், "சாகறதுக்குள்ள மறுபடியும் கம்பஞ்சோறா அம்மிணி?" என்று கேட்டார். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

ராசிபுரம் பக்கம் மானாவாரிக் காட்டில் கம்பும் சோளமும்தான் அந்தக் காலத்தில் விளைச்சல். அத்தை சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர் வீட்டில் இட்லி, தோசை என்றால் தீபாவளி, பொங்கலுக்கு மட்டும்தானாம். தினமும் அரிசிச் சோறு வடிக்கிற வீடு பெரிய வீடு. அப்படி வளர்ந்தவருக்குக் கம்பைக் கண்டால் பழைய கஷ்டம்தானே ஞாபகம் வரும்?

நானும் விடவில்லை. கடையில் பாக்கெட் கம்பு மாவு வாங்கி, உளுந்து அரைத்துக் கலந்து மறுநாள் தோசை ஊற்றினேன். கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்ததோடு, ஒரே கசப்பு! அத்தை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். என் பெண் வேறு சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் அத்தையே அடுப்படிக்கு வந்தார். "அரைச்சு வெச்ச கம்பு மாவு நாளாச்சுன்னா கசக்கத்தான் செய்யும். அதுல எண்ணெய்ப் பசை இருக்குது. முழுக் கம்பா வாங்கிட்டு வா" என்றார். வாங்கி வந்ததும் தண்ணீர் தெளித்துப் பிசறி, கொஞ்ச நேரம் விட்டு இடித்து, உமியைப் புடைத்துக் காட்டினார். நான் மிக்ஸியில் விட்டுவிட்டு இரண்டு ஓட்டு ஓட்டினேன். அதுவே போதும் என்றார். கல்யாணமான புதிதில் விடியக்காலம் 4 மணிக்கு எழுந்து, பத்துப் பேருக்குக் கம்பு இடித்து உள்ளங்கை கொப்புளித்த கதையை அன்றுதான் சொன்னார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற கொல்லிமலையிலும் இதே பாடுதான். சாமை, தினை விளைந்த நிலத்தில் சேலம் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி வந்துவிட்டது. பணம் ஒரு காரணம் என்றால், சாமையைக் குத்தி உமி நீக்குகிற வேலை இன்னொரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உமி நீக்கும் மெஷின்களை ஏற்பாடு செய்து கொடுத்தது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. உலக்கை பிடித்த பெண்களைக் கேட்டால் மெஷின்தான் பெரிசு என்பார்கள்!

தோசைக்கு அளவு: உமி நீக்கிய கம்பு 2 தம்ளர், இட்லி அரிசி அரை தம்ளர், உளுந்து அரை தம்ளர், வெந்தயம் 1 ஸ்பூன். கம்பை முதல் நாள் ராத்திரியே ஊறப் போடுங்கள், மற்றதை 4 மணி நேரம் ஊற வைத்தால் போதும். உளுந்தைத் தனியாகப் பொங்கப் பொங்க அரைத்துக் கலந்து உப்புப் போட்டுக் கரைத்து வையுங்கள். எங்கள் ஊர் சித்திரை வெயிலுக்கு 5 மணி நேரத்தில் புளித்துவிடும், ராத்திரி முழுக்க வெளியே விட்டால் வாயில் வைக்க முடியாது. கல் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றி, மூடி போட்டு வேக விடுங்கள். தொட்டுக்கொள்ள கடலைக்காய் சட்னி. வளரும் பிள்ளைகளுக்குக் கேழ்வரகு தோசையும் ஊற்றுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் 10 கூட இல்லை.

கம்பு என்றாலும் மாவுச்சத்துதான். எனவே அத்தைக்கு இரண்டே தோசை. மாத்திரையையும் நிறுத்தவில்லை. மூன்றாவது கேட்டால் நான் காது கேளாதது போல் இருந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்காக அரிசி இட்லி. "தோசை சரி. கம்பங்கூழை மட்டும் காய்ச்சி என் முன்னால வெச்சுராத" என்று உத்தரவு போட்டிருக்கிறார். இதுவரை காய்ச்சவில்லை.

— ஒரு வாசகி, ராசிபுரம்.