சத்தியமும் சத்தியப் பிரமாணமும்

சாட்சி சொல்ல வருபவனிடம் பிரமாணம் வாங்குவது பல தேசங்களிலும் உள்ள வழக்கம். கூண்டில் ஏறி உண்மை பேசுவதாக ஆணையிடுபவன் கூண்டைவிட்டு இறங்கியபின் எப்படிப் பேசுவான் என்பதைப் பற்றி அது ஒன்றும் கேட்பதில்லை. இவ்விபரீதத்தைக் கண்டு, சொத்தையும் சுதந்திரத்தையும் இழந்தேனும் பிரமாணம் செய்ய மறுத்தவர்கள், 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவ வகுப்பினர்.

அக்காலத்தில் அந்நாட்டில் பிரமாணங்களுக்குப் பஞ்சமில்லை. 1643-இல் பார்லிமெண்டின் பக்கம் நின்று ஓர் உடன்படிக்கைப் பிரமாணம்; மன்னன் முதலாம் சார்லஸ் 1649-இல் சிரச்சேதம் செய்யப்பட்டபின், 1650-இல், அரசனில்லாத குடியரசுக்கு விசுவாச வாக்குறுதி; 1660-இல் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்ததும் அவனுக்கே ராஜபக்திப் பிரமாணம். இம்மூன்றையும் ஒரே வாய் அடுத்தடுத்து உச்சரித்ததும் உண்டு. பாதிரிமாரிலும் இத்தகையோர் இருந்தனர்.

குவேக்கர்களின் தலைவர் ஜார்ஜ் பாக்ஸ் காட்டிய ஆதாரம் மலைப் பிரசங்கம். ஆணையே இடலாகாது, உள்ளதை உள்ளபடி சொல்வதோடு நிற்க வேண்டும் என்பது அதில் ஏசுநாதர் இட்ட விதி. ஆணையிட்டால்தான் உண்மை பேசுவேன் என்று ஒப்புக்கொள்வது, மற்ற வேளைகளில் பொய் பேச உரிமை கோருவதாகும் என்று அவர்கள் வாதித்தனர்.

அதிகாரிகள் இதையே கண்ணியாக்கினர். வேறு குற்றத்தை ருஜுப்படுத்த இயலாதபோது மாஜிஸ்ட்ரேட் ராஜபக்திப் பிரமாணத்தை நீட்டுவார். மறுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். மறுத்தோருக்குச் சொத்துப் பறிமுதலும், மன்னன் விரும்பும்வரை சிறையும் விதிக்கலாம். 1664-இல் லங்காஸ்டர் நியாயஸ்தலத்தில் ஆணையிடுமாறு பைபிளைக் கையில் கொடுத்தபோது, ஆணையிடாதே என்று இப்புத்தகமே சொல்கிறதே என்றார் பாக்ஸ். அவர்மீது எழுதிய குற்றப்பத்திரிகையிலோ தேதி முதலியவை பிழையாயிருந்தன. பிரமாணம் செய்த ஜூரர்கள் அங்கீகரித்த பத்திரம் அது! பிழைகளை அவர் எடுத்துக்காட்டவே, ஜட்ஜ் மறுபடியும் பிரமாணத்தை நீட்டினார். அதே ஆண்டு அங்கே தண்டனை பெற்ற மார்கரெட் பெல் அம்மையார் 1668 வரை சிறையிலிருந்தார். ராஜத்துரோகி பொய்யாணையிட்டுத் தப்பலாம். பொய்க்கு அஞ்சியவரே சிறை புகவேண்டும். இச்சல்லடை யாருக்காகச் செய்யப்பட்டதோ நாம் அறியோம்!

1696-இல் பார்லிமெண்டு ஆணைக்குப் பதிலாக உறுதிமொழியை அனுமதித்தது. கிரிமினல் வழக்கில் சாட்சி சொல்லவும், ஜூரராக இருக்கவும், சர்க்கார் உத்தியோகம் வகிக்கவும் அது பயன்படவில்லை. 1698-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜான் ஆர்ச்டேல் ஆணையிட மறுத்துக் காமன்ஸ் சபை ஸ்தானத்தை இழந்தார். 1833-இல்தான் ஜோசப் பீஸ் என்ற குவேக்கர் உறுதிமொழி கூறி அச்சபையில் அமர்ந்தார்.

நியாயஸ்தலத்தில் இத்தனை காலம் பிடித்த காரியம் கடைத்தெருவில் விரைவிலேயே கைகூடிற்று. வியாபாரி கூட்டிச் சொல்வதும், வாங்குபவர் குறைத்துக் கேட்பதும், இருவரும் பொய்களைப் பரிமாறிக்கொண்டு நடுவழியில் சந்திப்பதும் அங்கும் வழக்கம். நமக்கும் அது புதிதன்று. குவேக்கர்களோ கொடுக்கக்கூடிய விலையையே முதலில் சொல்லி, அதிலேயே நின்றனர். பேரம் பழகிய ஜனங்கள் முதலில் அவர்களை ஒதுக்கவே, சிலருக்கு ஜீவனமே கஷ்டமாயிற்று. பின்னர், சிறு குழந்தையை அனுப்பினாலும் பெரியவர்களுக்குரிய விலைக்கே அங்கே சரக்குக் கிடைக்கும் என்று தெரிந்ததும் கூட்டம் பெருகியது. நாட்டின் வியாபாரம் முழுவதும் இவர்கள் கைக்குப் போய்விடும் என்று மற்ற வியாபாரிகள் முறையிடத் தொடங்கியதைப் பாக்ஸ் தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.