இரண்டங்குல ஓட்டைக்கு ஒரு சாண் சாய்வு

பாறசாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கினால் கேரளத்தின் பொழியூர். அதை ஒட்டிய நீரோடி தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 முதல் மாநில எல்லை இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே போகிறது. இரு பக்கத்திலும் கடலரிப்பு மணலைத் தின்றதால், கரையில் கருங்கல் அடுக்கியிருக்கிறார்கள். வள்ளத்தை மணலில் இழுத்து ஏற்றினால் அடிப்பாகம் மெல்லத் தேயும். கல்லில் மோதினால் ஒரே அலையில் ஓட்டை.

ஃபைபர் வள்ளம் என்பது கண்ணாடி இழைப் பாயை பாலியெஸ்டர் ரெசினில் நனைத்து, அச்சுக்குள் அடுக்கடுக்காகப் பதித்தது. இழுப்பைத் தாங்குவது இழை. இழைகளைப் பிணைத்து நிறுத்துவது ரெசின். புதிதாகக் கட்டும்போது ஓர் அடுக்கு முழுதாக இறுகும் முன்பே அடுத்ததைப் போட்டுவிடுவதால் எல்லாம் வேதிப் பிணைப்பால் ஒரே உடம்பாகிவிடும். பழுது பார்ப்பவருக்கு அந்த வசதி கிடையாது. பல வருஷம் முன்பே இறுகிய ரெசினில், புதிய ரெசினோடு சேர இடம் அநேகமாக மிச்சமிருக்காது. புதியது பழையதன் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

அதனால்தான் ஓட்டையைச் சுற்றி அகலமாகச் சாய்த்துத் தேய்க்கிறார்கள். தடிமனைப் போல 12 மடங்கு அகலம் என்பது நல்ல கணக்கு. அடிப்பாகம் 6 மில்லிமீட்டர் என்றால் சுற்றிலும் 7 சென்டிமீட்டருக்குக் குறையாத சாய்வு. 5 சென்டிமீட்டர் ஓட்டை தேய்த்து முடிக்கும்போது ஏறக்குறைய ஒரு சாண் வட்டமாகிவிடும். நல்ல இடத்தையும் கெடுக்கிறாரே என்று வள்ளக்காரருக்கு வயிறு எரியும். ஆனால் அந்தச் சாய்வுதான் அலையின் அடியை விளிம்பில் குவியவிடாமல் பரப்பிவிடுகிறது. சாய்வில்லாமல் மேலே தடிமனாக அப்பிய ஒட்டு, எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் விளிம்பிலிருந்து உரிந்து வரும். தேய்க்கும் முன் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, அசிட்டோனால் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கிரைண்டர் அழுக்கை உள்ளே தேய்த்து இறக்கிவிடும். ஓட்டையைச் சுற்றிச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் அவசியம். சத்தம் மங்கலாகக் கேட்கும் இடத்தில் அடுக்குகள் உள்ளே பிரிந்திருக்கும். அதையும் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. இதே கரையிலுள்ள முட்டத்தில் பெல்ஜியத்து ஏசு சபைப் பொறியாளர் பியர் கிலே, செம்புக் கம்பியால் பிளைவுட்டைத் தைத்து, மூட்டில் கண்ணாடி இழை ஒட்டும் முறையில் வள்ளம் கட்டக் கற்றுக்கொடுத்தார். பிறகு திருவனந்தபுரத்து மீனவர் சங்கக் கூட்டமைப்பான ‘சிஃப்ஸ்’ தன் பட்டறைகளில் அவ்வகை வள்ளங்களைக் கட்டியது. அப்படி ஃபைபர் போர்த்திய பிளைவுட் வள்ளத்தில் வெளியே தெரிவது சிறு கீறலாக இருக்கலாம். உள்ளே மரம் தண்ணீர் குடித்து ஊறியிருக்கும். ஈரத்தோடு மூடினால் பலகை உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். மரத்தில் பாலியெஸ்டரைவிட எபாக்சி நன்றாகப் பிடிக்கும். விலை கூடுதல்தான். இங்கே அந்தச் செலவு தகும்.

பாலியெஸ்டர் ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர், ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். கிலோவுக்கு 10 முதல் 20 கிராம். அவசரத்தில் அதிகம் ஊற்றினால் சூடு ஏறி ஒட்டில் விரிசல் விழும். கோபால்ட் ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு, அதன் பிறகே ஹார்டனர். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள பாய் ஓர் அடுக்குக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் தரும். ஒவ்வொன்றையும் உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும்.

பழுது வேலைக்கு ஓய்வு கிடைப்பது பெரும்பாலும் ஆனி, ஆடியில், கடல் சீறும் நாட்களில். மழையும் அப்போதுதான். ஈரப் பாயில் ரெசின் சரியாகப் பிடிக்காது. கரையோர ஊர்களுக்கு மேற்கூரை போட்ட, காற்றோட்டமுள்ள பழுதுக் கூடம் தேவை என்று நான் சொல்வதற்கு மழை ஒரு காரணம். வேலை செய்பவரின் நெஞ்சு இன்னொரு காரணம். ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. மூக்கைச் சுற்றிக் கட்டும் தோர்த்து அந்த ஆவியைத் தடுக்காது. கண்ணாடித் தூசியையும் சரியாகத் தடுக்காது. தேய்க்கும்போது தூசி வடிகட்டியும், ரெசின் பூசும்போது கார்பன் வடிகட்டியும் பொருத்திய முகமூடி வேண்டும். ரெசின் வாங்கும் கணக்கிலேயே அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும்.