விளக்கு வைக்காத ஊர்

"ஏங்க, இந்த ஊர்ல எத்தனை மணிக்கு வெளக்கு வைப்பாங்க?" என்று என் மனைவி கேட்டபோது இரவு பத்தேகால். நேவா ஆற்றின் எதிர்க்கரைக் கட்டடங்களில் மஞ்சள் வெயில் அப்படியே நின்றது.

சிதம்பரத்தில் ஆறரைக்குச் சூரியன் விழுந்தால் ஏழுக்கு இருட்டு. நாம் இருப்பது 11 பாகையில். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 60 பாகை வடக்கே. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஆழமாக இறங்குவதில்லை. ஓரமாகவே நகர்ந்து, நாலு மணிக்குள் மறுபடி ஏறிவிடுகிறது. வெள்ளை இரவு என்பது இதுதான்.

அந்தப் பெயருக்காகவே போனேன். கல்லூரி நாளில் கீழ வீதியில் போட்டிருந்த புத்தகக் கடையில் சொற்பக் காசுக்கு வாங்கினேன், ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்'. (எஸ்.பி. ஜனநாதனின் 'இயற்கை' படத்துக்கு மூலம் அதுவே.) பணி ஓய்வுக்குப் பிறகுதான் வாய்த்தது. மாஸ்கோவிலிருந்து சப்சான் ரயிலில் சுமார் 650 கி.மீ., நாலு மணி நேரம். கையில் டாலர் வைத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சிலிருந்து நம் விசா, மாஸ்டர்கார்டு எதுவும் அங்கே செல்லாது.

ஹெர்மிட்டாஜ், 1764இல் பேரரசி காத்தரின் தொடங்கிய சேகரிப்பு. ரெம்பிராண்ட் படங்களுக்கு முன்னால் நின்றேன். மற்றபடி தங்கமும் கால்வலியும். எலி பிடிக்க அரண்மனை நிலவறையில் பூனை வளர்க்கிறார்கள் என்பது மட்டும் மனைவிக்கு நிறையப் பிடித்தது.

எனக்கு வேலை சென்னயா சதுக்கத்தில். பெயரைக் கேட்டதும் நம் தலைநகர் ஞாபகம் வரும். அர்த்தமோ வைக்கோல் சதுக்கம். 'குற்றமும் தண்டனையும்' நாவலில் ரஸ்கோல்னிகவ், தன் வாசலிலிருந்து அடகுக்காரக் கிழவியின் வீடு வரை 730 எட்டு என்று எண்ணி வைத்திருப்பான். அவன் வீடென்று காட்டுகிற தெருமுனையில் தொடங்கினேன். கால்வாய் வளைந்து வளைந்து போகிறது. கரையோரமாகவே போனதில் ஆயிரத்தைத் தாண்டியும் கிழவி வீடு வரவில்லை. "கணக்கு வாத்தியாருக்கே கணக்கு தப்பிடுச்சா?" என்றாள். அவன் இருபத்து மூன்று வயசுப் பையன், எட்டு நீளம் என்று சமாளித்தேன்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கோபுரக் கட்டடம்: குன்ஸ்ட்கமேரா அருங்காட்சியகம். அதற்காக 1914இல் புறப்பட்டு இலங்கையிலும் தமிழகத்திலும் பொருள் சேகரித்த மெர்வார்த் தம்பதியில், அலெக்சாண்டர் 1929இல் பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் இலக்கணமே எழுதினார். செந்தமிழுக்கு அல்ல, பேச்சுத் தமிழுக்கு! கடைசி நாள் போனபோது மூடியிருந்தது.

இரவு ஒரு மணிக்கு அரண்மனைப் பாலம் திறப்பதைப் பார்க்கக் கரையில் கூட்டம், தேரடி மாதிரி. கப்பல் போக வழிவிட்டு, நடுவே இரண்டாகப் பிளந்து, தார்ச்சாலையும் கம்பங்களுமாகப் பாலமே எழுந்து நின்றது. அக்கரைக்காரர்கள் பாலம் இறங்கும்வரை அங்கேயேதான். வானம் இன்னும் சாம்பல் வெளிச்சத்தில் இருந்தது. சாய்ந்த கம்பங்களில் விளக்குகள் எரிந்தன.

"வெச்சுட்டாங்க" என்றாள்.